கொலை நடந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

கொலை நடந்த வீட்டில் நிம்மதியாக அழக்கூட முடியாது. உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போயிருக்கும், எப்போது தருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளேயே நடந்திருந்தால் அந்த அறைப் பக்கமே போக முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். சில வீடுகளில் அழுகிறவர் மேலேயே போலீஸுக்குச் சந்தேகமும் இருக்கும்.

எனக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் இதைக் கூடவே இருந்து பார்த்தேன். கொல்லப்பட்ட பையனுடைய போன் வழக்குச் சொத்தாக, அதாவது சாட்சியப் பொருளாகப் போய்விட்டது. அவன் குரல், தங்கையோடு எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். "கேஸ் முடிஞ்சா குடுத்துடுவாங்கல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன் அம்மா கேட்பார். சாட்சி சொல்லப் போன அன்று அவன் சட்டையைக் காட்டி அடையாளம் கேட்டார்கள். காலரில் எண் எழுதிய சீட்டு. 'ஆமாம், அவனுதுதான்' என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வரவில்லையாம்.

இந்த நிலைமையில் இருக்கிறவர்களிடம் போய் நாம் கேட்கிற முதல் கேள்வி, "அந்த நேரத்துல அங்க எதுக்குப் போனான்?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சரி. செத்தவன் மேல் ஏதாவது தப்பு இருந்துவிட்டால் நம் வீட்டுக்கு இது வராது என்று ஓர் ஆறுதல். அதற்காக அந்த அம்மா முன்னால் அவனைக் கூண்டில் ஏற்ற வேண்டுமா?

அவர்கள் மனசில் ஓடுவது வேறு. கடைசி நேரத்தில் வலித்திருக்குமா, யாரைக் கூப்பிட்டிருப்பான்? நேரில் பார்க்காத காட்சி தினமும் ராத்திரி கண்ணுக்குள் ஓடும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவதில் தப்பே இல்லை.

வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு மாதிரி. அப்பா ஒரு வாய்தாவையும் விடமாட்டார், அம்மா கேஸ் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இதில் "மன்னிச்சிடுங்க, மனசு லேசாகும்" என்று ஒருவர், "தூக்குல போடாம விடாதீங்க" என்று இன்னொருவர். இரண்டும் அதிகப்பிரசங்கித்தனம்.

கொன்றவர் வீட்டு ஆளாகவே இருந்தால் இன்னும் கொடுமை. 2023-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது. அம்மாவை அப்பா கொன்றுவிட்டால் பிள்ளைக்கு ஒரே நாளில் இருவருமே இல்லை. யார் வளர்ப்பது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சண்டை போடுவார்கள். அந்தப் பிள்ளையிடம் 'அம்மா ஊருக்குப் போயிருக்கா' என்று மட்டும் சொல்லாதீர்கள். வயசுக்குத் தகுந்த மாதிரி உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

கொல்லப்பட்டவரின் நெருங்கிய குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவர்களே என்று ஐ.நா. பொதுச்சபை 1985-லேயே பிரகடனம் செய்துவிட்டது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நான் பார்த்த அப்பாவுக்கோ, வாய்தா தள்ளிப்போனது கோர்ட் வாசலில் பாதி நாள் நின்ற பிறகுதான் தெரியவரும். பல சமயம் எதிரே கொன்றவனின் சொந்தக்காரர்கள் நிற்பார்கள்.

உதவ நினைப்பவர்கள் வாய்தா நாட்களில் அவர்களோடு கோர்ட்டுக்குப் போகலாம். கேஸைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள். இறந்த பையனின் பெயரைச் சொல்லி, அவன் செய்த சேட்டைகளைப் பற்றிப் பேசினால் அந்த அம்மாவுக்குப் பிடிக்கும். அவனைப் பற்றிக் கொலையைத் தவிர வேறெதையும் இப்போது யாரும் பேசுவதில்லை.