‘டைம்’ எல்லாம் ‘தியெம்போ’ ஆகிவிடாது
ஆங்கிலத்தில் ‘டைம்’ வரும் இடத்திலெல்லாம் ஸ்பானிய மொழியில் ‘தியெம்போ’ என்று போட்டால் போதும் என ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாகக் கற்பவர்கள் தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள். ‘எனக்கு நேரமில்லை’ என்பது போன்ற இடங்களில் அது சரி. மணி கேட்பதற்கு ‘ஓரா’ வேண்டும்: ‘கே ஓரா எஸ்?’ அங்கேயும் ‘தியெம்போ’வையே பிடித்துக்கொண்டு ‘கே தியெம்போ ஆசே?’ என்று கேட்டால், வானிலை எப்படி என்று கேட்டதாகிவிடும். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டு.

மூன்று தடவை என்றால் ‘த்ரெஸ் பெசெஸ்’. கால்பந்தில் ‘ப்ரிமெர் தியெம்போ’ என்பது ஆட்டத்தின் முதல் பாதி. ‘முதல் தடவை’ என்று அதை மொழிபெயர்த்தால் செய்தியே மாறிவிடும்.

தமிழில் நாமே நேரம், மணி, தடவை என்று பிரித்துத்தானே பேசுகிறோம்? ‘மூன்று நேரம் கூப்பிட்டேன்’ என்று யார் சொல்வார்கள்? ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு, வாக்கியத்தைத் தமிழில் நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வழி தெரியும். ஆனால் ‘குட் டைம்’ என்பதற்கு அதுவும் உதவாது. மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிப்பதற்கு ‘பாசார்லோ பியென்’ என்ற வினைத்தொடரையே பயன்படுத்துகிறார்கள்.