படகில் வந்தது காய்ச்சல் இல்லை

போன வாரம், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இலங்கை அகதிகள் கேம்ப் இருக்கிற மண்டபம் ஊரில் ஒரு டீக்கடை. "கேம்ப் ஆளுக வந்துதான்ணே ஊருக்குள்ள இந்தக் காய்ச்சலே" என்றார் ஒருவர். நாலு பேர் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தப் பதிவு.

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. 2022-ல் விலைவாசி தாங்காமல் படகேறி, தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட சனம் அங்கிருந்து வந்தது. நாம்? ராமேஸ்வரம் தீவே மலேரியாவுக்குப் பேர்போனது. விரலில் குத்தி ரத்தம் எடுக்க வீடுவீடாக ஆள் வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு நல்ல தண்ணீராகப் பார்த்து முட்டையிடும். கிணறு, சிமெண்ட் தொட்டி, மாடி டேங்க் எல்லாம் அதற்குத் தொட்டில். இந்தியாவில் காலங்காலமாக இருக்கிற இந்தக் கொசுவை இலங்கையில் முதன்முதலாகக் கண்டது 2016 கடைசியில், மன்னாரில். நமக்கு நேர் எதிர்க்கரை! கணக்குப் பார்த்தால் பயப்பட வேண்டியது அவர்கள்தான்.

இன்னொன்று. மண்டபம் கேம்ப்பே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி சனத்தை நோய்க்காக நிறுத்திவைத்துச் சோதித்த இடம். அன்றைக்குச் சந்தேகப்பட்டது நம்மாட்களை.

டெங்கு கொசு ட்ரம்மிலும் குடத்திலும் வளரும்; முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்கிறோம். கேம்ப்பில் ஓர் அக்கா கேட்டார்: "நுளம்பு வருமெண்டு எங்களுக்கும் தெரியும் தம்பி. அடுத்த தண்ணி எப்ப வருமெண்டு தெரியாமல் ட்ரம்மை எப்பிடி ஊத்துறது?" என்னிடம் பதில் இல்லை.

இதில் எனக்குப் பெரிய பயம் வேறு. வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஈரலில் பதுங்கிக் கிடந்து மாதக்கணக்கில் கழித்தும் எழும்பும். அதை அடியோடு எடுக்க பிரைமாகுவின் மாத்திரை 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், வேலை தேடி அலைகிற ஆள் மாத்திரையையும் விட்டுவிடுவார். அது வடக்கே இருந்து வந்த கட்டடத் தொழிலாளியோ, வெளி மாநிலத்துக்குக் கடல்வேலைக்குப் போய்வரும் நம்ம ஊர்ப் பையனோ, யாராகவும் இருக்கலாம். "நோயைக் கொண்டாந்தவன்" என்று பேர் கட்டினால் அவர் ரத்தம் குத்தவே வரமாட்டார். கொசு அவரைக் கடித்துவிட்டு அடுத்து நம்மைக் கடிக்கும்.

அந்த டீக்கடை மாடி டேங்குக்கு மூடி இல்லை. காற்றில் பறந்து ரெண்டு வருசமாச்சாம், கடைக்காரரே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் டேங்கை ஏறிப் பார்த்தேன். மூடி இருந்தது, ஒரு பக்கம் வெடித்து. டார்ச் அடித்தேன். உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது.