மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பையன் இல்லை

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்த மாடி பார் வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கேட்டு, அங்கே பாட்டுப் போடுகிற டிஜேயிடம் போனை நீட்டுகிறார். டிஜே ஏதோ சொல்லிவிட்டுத் திரும்புகிறான். கேட்டவர் கையிலிருந்த கிளாஸ், பாட்டுகளைக் கலக்கிப் போடுகிற மிக்ஸர் கருவி மேல் கவிழ்கிறது. கடைசியில் மேனேஜர் வந்து, டிஜேயைத்தான் ‘ஸாரி’ சொல்ல வைக்கிறார். அதைப் பகிர்ந்து நீங்கள் போட்ட தலைப்பு: ‘பெங்களூரில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையா?’

நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். டிஜே நின்ற இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேஜைதான். அந்த உரிமையில் சொல்கிறேன், மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பையன் இல்லை.

ஆபீஸில் ஒரு பெண் வேலை மாறிப் போகிறாள் என்று இந்திராநகரில் அந்த இடத்துக்குப் போயிருந்தோம். லிப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிடும், அப்புறம் இரும்புப் படி ஏற வேண்டும். மொத்தமே நாற்பது பேர் உட்காரலாம். மூலையில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே டிஜே. வயது இருபத்தைந்து இருக்கும். வீடியோவில் சத்தம் சரியாகப் பதிவாகவில்லை, ஆனால் அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ‘அண்ணா, அரை மணி நேரம் கொடுங்க, கண்டிப்பா போடறேன்.’ தமிழில் சொன்னான். ஓசூர்ப் பையன். தமிழை அவமதித்தவன் என்று நீங்கள் சொல்கிற ஆள் இவன்தான்.

ஏன் அரை மணி நேரம், உடனே போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அவன் அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது ஹவுஸ் என்கிற நடன இசை. நாலு நாலாக விழுகிற அடி, நிமிடத்துக்கு 120 அடிக்குப் பக்கத்தில். அவர் கேட்டது நம்ம ஊர்க் குத்து, அது ஆறெட்டு, ஆறு ஆறாக எண்ணுகிற தாளம். எடுத்த எடுப்பில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் ஆடுகிறவர்களின் கால் தடுக்கும், கூட்டம் கலைந்துவிடும். நடுவில் நாலைந்து பாட்டு வைத்து மெல்லத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டே, இன்னொரு காதில் கூட்டத்தைக் கேட்பான். அதுதான் வேலை. இதில் திறந்த மாடியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவன் நேரம்.

‘பென் டிரைவைச் சொருகிவிட்டு நிற்கிற வேலைதானே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கம் மைக் செட் போடுகிறவர். கல்யாணம், சடங்கு, கோவில் கொடை எல்லாவற்றுக்கும் அவர்தான். விடியற்காலையில் வேப்பமரத்தில் ஏறி குழாய் ஒலிபெருக்கி கட்டுவார். ரெக்கார்டு பிளேயரின் முள் துள்ளாமல் இருக்க அதன் தலையில் பத்துப் பைசாவை வைத்து நூலால் சுற்றியிருப்பார். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, தாலி கட்டும் நேரத்துக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று, பெண்ணை அனுப்பும்போது ஒன்று என்று வரிசை வைத்திருப்பார். அந்த வரிசையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற டிஜே தன் தங்கை நடத்திய விழாவில் இரண்டு ரெக்கார்டு பிளேயரை வைத்துச் செய்ததை உலகம் ஹிப்-ஹாப் என்கிற கலையின் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், கொண்டாட வேண்டியதுதான். அந்தக் காலத்தில் என் அப்பாவும் மரத்தடியில் உட்கார்ந்து, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த ரெக்கார்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

1984-ல் ஒரு கல்யாண வீடு. எனக்கு ஒன்பது வயது, வயர் சுற்றக் கூடப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்களுக்கு ரஜினி பாட்டு வேண்டும், பெண் வீட்டாருக்குக் கமல் பாட்டு. அப்பா மாற்றி மாற்றித்தான் போட்டார். ‘இந்த ரெக்கார்டு முடியட்டும் தம்பி’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒருவன் பெட்டியை எட்டி உதைத்தான். முள் ரெக்கார்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போன சத்தம் நாலு குழாயிலும் ஊர் முழுக்கக் கேட்டது. கல்யாண வீட்டுப் பெரியவர் வந்து, ‘நல்ல காரியம் நடக்கிற வீடு, ஒரு வார்த்தை மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க’ என்றார். உதைத்தவனிடம் அல்ல, என் அப்பாவிடம். அப்பா சொன்னார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகும் அந்த ரெக்கார்டை வைத்திருந்தார், புதுசு வாங்கக் காசு இல்லை. கீறல் விழுந்த இடத்தில் பாட்டு துள்ளும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அன்றைக்கு மாடியில் அந்தப் பையன் ‘ஸாரி ஸார்’ என்றபோது எனக்குக் கேட்டது வேறு குரல்.

‘காசு கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான்’ என்கிறீர்கள். கேட்கட்டுமே! கேட்டதை யார் தப்பு என்றார்கள்? எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியது ஒரு கிளாஸ் சரக்கை. ஆளை வாங்கவில்லை. ஹோட்டலில் தோசை லேட்டானால் மாஸ்டர் கையிலிருக்கும் தோசைத் திருப்பியைப் பிடுங்குவீர்களா?

வெளியூரில் தமிழ்ப் பாட்டுக்கு முகம் சுளிக்கிற இடங்கள் உண்டு, சரி, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். ஆனால் இந்தச் சண்டையில் அது இல்லை. ஒரு தமிழன் இன்னொரு தமிழனின் வேலையில் சாராயத்தை ஊற்றினான், அதற்கு மொழியைக் காவலுக்கு நிறுத்துகிறீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ‘நீ எதுக்குய்யா பாருக்குப் போனே’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

வீடியோவில் இல்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காது குடையும் பட்ஸால் மிக்ஸரின் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த டிரிங்க்கில் சர்க்கரைப் பாகு. காய்ந்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பேடர் கட்டை ஒட்டிக்கொள்ளும், நகராது. மிக்ஸர் யாருடையது என்று கேட்டேன். ‘வாடகைக்கு எடுத்தது அண்ணா’ என்றான். என்ன செலவாகும் என்று கேட்டேன். சொல்லாமல் சிரித்தான்.

என் பட்டியலில் அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் என் ஊர்க்காரர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டது என் அப்பாதான். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.