பதக்கத்தோடு படத்தை முடிக்காதீர்கள்

பள்ளிக்கூட ஓட்டக்காரன் ஒருவனைப் பற்றிக் கொழும்பில் யாராவது தமிழில் படம் எடுப்பதென்றால் கெஞ்சிக் கேட்கிறேன், சுகததாச அரங்கில் அவன் பதக்கம் வாங்குவதோடு முடித்துவிடாதீர்கள். கதையே அதற்குப் பிறகுதான்.

ஓட்டத்தையும் சரியாகக் காட்டுங்கள். 400 மீற்றரில் கடைசி 100 மீற்றரை நாயகன் வேகம் கூட்டிப் பிடிப்பதாகக் காட்டுவது பெரிய பொய். அங்கே எட்டுப் பேருக்கும் வேகம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். குறைவாக இறங்குகிறவன் முந்துவதுபோலத் தெரிவான், அவ்வளவுதான். 300 தாண்டியதும் தோள் காதுப்பக்கம் ஏறும், தாடை இறுகும், முழங்கால் உயராது, காலடி சுருங்கும். முதல் 200ஐ வெறியோடு ஓடியவன் இங்கேதான் மாட்டுவான். ஸ்லோ மோஷன் போட்டால் இது ஒன்றுமே தெரியாது. ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் ஸ்டார்ட்டிங் பிளொக்கில் முன்பலகை தொடக்கக் கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு பாத நீளம், பின்பலகை மூன்று. தொடக்கம் வளைவில் என்பதால் பிளொக்கை ஓடுபாதையின் வெளியோரத்தில், உள்கோட்டைப் பார்க்கச் சாய்த்து வைப்பார்கள்.

இனி அவனுடைய எதிர்காலம். பயிற்சியும் பின்னேரம், ஏ.எல் எனும் உயர்தரப் பரீட்சைக்கான ரியூசனும் பின்னேரம். விளையாட்டுத் திறமைக்குப் பல்கலைக்கழகத்தில் சிறப்பு அனுமதி இருக்கிறது, ஆனால் அதற்கும் மூன்று பாடத்திலும் சித்தி வேண்டும். பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டால் ஓய்வெடுக்க வேண்டும். போட்டித் திகதி நெருங்குகிறதென்று அரைகுறையாக ஆறிய காலோடு இறங்குவான், அதே இடத்தில் திரும்ப இழுக்கும். 20 வயதுப் பிரிவு முடிந்ததும் பெரியவர்களோடு ஓட வேண்டும். பயிற்சி, சாப்பாடு, சம்பளம் மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் பெரும்பாலும் முப்படை அணிகள்தான். தமிழ்ப் பெடியன் ஒருவன் படையில் சேரப்போவதாக வீட்டில் வாய்திறந்து சொன்னால் அம்மாவின் முகம் எப்படிப் போகும்? அந்தக் காட்சியை மழுப்பாமல் எழுதுங்கள். படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து இழுத்தவர் நம்மிடம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். பிறகு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம்வரை போனார். ஆனால் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது வெளிநாட்டில். இங்கேயே இருக்கிற பெடியனுக்கு எந்தக் கதவு என்பதைப் படம் கேட்க வேண்டும்.

நடிகரை ஓடப் பழக்க வேண்டாம். ஓடுகிற பெடியனை நடிக்கப் பழக்குங்கள். வசனத்தை டப்பிங்கில் திருத்தலாம், ஓட்டத்தை முடியாது.