ஒப்பிட்டது யாரோடு?

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞாபகசக்திப் பயிற்சி வகுப்புக்காரர்களின் நிகழ்ச்சியில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். நேற்று, நான் அங்கே கேள்வி கேட்ட காணொளித் துண்டு எங்கள் குடும்பக் குழுவிலேயே வந்து விழுந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால், கலகம் செய்யத்தான் மட்டக்களப்பு வரை பஸ் ஏறிப் போனேன் என்றாகிவிடும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "சேர், பயிற்சிக்குப் பிறகு புள்ளி கூடியிருக்கிறது, சரி. ஒப்பிட்டது யாரோடு?" குரலைக்கூட உயர்த்தவில்லை. மேடையிலிருந்து வந்த பதில் இது. "தங்கச்சி, நீங்கள் எத்தனை பிள்ளைகளை முன்னேற்றியிருக்கிறீர்கள்?" மண்டபமே கைதட்டியது. என் கேள்வி அந்தக் கைதட்டலுக்குள் போனது போனதுதான்.

அவர்கள் காட்டிய திரையில் பிள்ளைகளின் புள்ளிக்கு இரண்டு சலாகைகள். முதலாம் தவணை குட்டை, இரண்டாம் தவணை நெட்டை. நடுவில் அவர்களுடைய ஞாபகசக்திப் பயிற்சி. ஆகவே கூடியது பயிற்சியாலாம்! அந்த மாதங்களில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போகவில்லையா? பெற்றோர் தொலைக்காட்சியை அணைத்து வைக்கவில்லையா? எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அவர்கள் சேர்த்துக்கொண்டதே முதலாம் தவணையில் புள்ளி மிகக் குறைந்த பிள்ளைகளை. அவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியிருப்பார்கள். சிலருக்குப் படிக்காத பாடமே வினாவாக வந்திருக்கும். கீழே கிடப்பவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி சோதித்தால், யாரும் எதுவும் செய்யாமலேயே மொத்தத்தில் கொஞ்சம் மேலே வருவார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று இதற்குப் பெயர். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்து பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே எழுதிவிட்ட சங்கதி.

"இதெல்லாம் சாதாரண சனத்துக்கு விளங்காத படிப்பு" என்று காணொளியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். என் அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல். ஒரு பெரும்போகத்தில் கடைக்காரர் புது உரம் ஒன்றைப் புகழ்ந்து தலையில் கட்டிவிட்டார். அப்பா அதை எல்லா வரவைக்கும் (வரம்பு கட்டிய வயல் துண்டுக்கும்) எறியவிடவில்லை. "இதற்குப் போடு, பக்கத்து வரவையை விட்டுவிடு" என்று வயலில் வேலை செய்யும் முல்லைக்காரரிடம் சொன்னார். அந்த முறை மழை நன்றாகப் பெய்து எல்லா வரவையும் ஒன்றுபோல் விளைந்தன. விட்டுவைத்த அந்த ஒரு வரவை இல்லாவிட்டால், மழை தந்த நெல் முழுவதும் உரக் கடைக்காரர் கணக்கில் ஏறியிருக்கும்.

இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் பிஷர் இதற்கும் மேலே ஒரு படி போனார். எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை மனிதர் தெரிவு செய்தால், தெரியாமலே நல்ல மண்ணுக்குக் கை போகும்; ஆகவே சீட்டுக் குலுக்குவதுபோல் எழுமாறாகப் பிரியுங்கள் என்றார். உளவியலில் நாங்கள் படித்த பரிசோதனை வடிவமைப்பில் பெரும்பங்கு அந்த வயல்களிலிருந்து வந்ததுதான். அப்பாவுக்கு பிஷரைத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேடையில் இருந்தவர்களை விட அவருக்கு ஆய்வு தெரிந்திருந்தது.

"பிள்ளைகள் என்ன நெல்லா?" இல்லைதான். நெல்லுக்கு உரக்காரரைச் சந்தோஷப்படுத்தும் ஆசை கிடையாது, பிள்ளைகளுக்கு உண்டு. தவணைப் புள்ளி போக, அங்கே ஞாபகசக்திச் சோதனை ஒன்றும் இருந்தது; பயிற்சி கொடுத்தவரே அதையும் நடத்தினார், அவரே புள்ளியும் இட்டார். ஜெர்மனியில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் பேரெடுத்தது. 1907இல் ஒஸ்கர் பிஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார்: கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. அது கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத் தட்டியிருக்கிறது. ஏமாற்று எண்ணம் கேட்டவருக்கும் இல்லை, குதிரைக்கும் இல்லை. இங்கேயும் யாரையும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாகப் பரப்புகிறவர்கள் காணொளியை முழுதாகப் பார்க்கட்டும்.

"பாதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விடுவது பாவம் இல்லையா?" இதை மட்டும் மதிக்கிறேன். யாரையும் விட வேண்டியதில்லை. பாதிப்பேருக்கு இந்தத் தவணை, மீதிப்பேருக்கு அடுத்த தவணை. எங்கள் நாட்டின் வடக்கிலேயே, போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளுடன் பள்ளிக்கூடங்களில் அப்படிச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. முக்கியமான மனவடு அறிகுறிகளில், உளவளப் பயிற்சி பெற்றவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. சிறுமிகளில் காத்திருந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். காத்திருந்த குழு இல்லாமல் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? "நல்லதுதானே செய்கிறார்கள், விட்டுவிடேன்" என்கிறவர்கள், பயிற்சி பெற்றும் குறைவாகத் தேறிய அந்தச் சிறுமிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

"பொறாமை", "படித்த திமிர்" என்றவர்களுக்குப் பதில் இல்லை. சபையில் கேட்காமல் தனியே கேட்டிருக்கலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, சபையில் சொன்னதைச் சபையில்தானே கேட்க வேண்டும் என்று தோன்றியது. கைதட்டியவர்களில் என்னோடு இதே பாடத்தைப் படித்தவர்கள் மூன்று பேர். பரீட்சையில் கட்டுப்பாட்டுக் குழு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி கொடுக்காமல் வைக்கும் குழு, பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்.

காணொளியைக் குழுவில் போட்டது என் அக்கா. கீழே ஒரு சிரிப்பு முகமும் வைத்திருந்தாள். மகளுக்கு வகுப்புப் பணம் கட்டியாயிற்றாம், இரண்டு காப்பை அடகு வைத்து. புள்ளி கூடினால் பயிற்சியின் கெட்டித்தனம், கூடாவிட்டால் பிள்ளை மனம் வைக்கவில்லை என்பார்கள். நிகழ்ச்சியிலேயே அதையும் சொல்லிவிட்டார்கள். "அடுத்த தவணை வரட்டும், உனக்குக் காட்டுகிறேன்" என்கிறாள் அக்கா. காட்டு அக்கா. அப்படியே, உன் மகளோடு படிக்கிற, அந்தப் பயிற்சிக்குப் போகாத பிள்ளைகளின் புள்ளிகளையும் கேட்டு வாங்கி வை.