தமையனின் சட்டை நுனி

தத்தெடுக்கப்பட்ட இரண்டு சின்னச் சகோதரர்கள் புது நாட்டில் புது வீட்டுக்குப் பழகுவதை வாசித்தபோது எங்கள் கிளிநொச்சி வீடுதான் கண்முன் வந்தது. 2009 போரில் தாய் தகப்பனை இழந்த இரண்டு பொடியன்களை, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பும்போது பெரியம்மா கூட்டி வந்தா. சின்னவன் தமையனின் சட்டை நுனியைப் பிடித்தபடிதான் நித்திரை கொள்வான். விடிந்து பாயைச் சுருட்டினால் தலையணைக்கடியில் பாண் துண்டு இருக்கும். பெரியம்மா ஒரு நாளும் ஏசவில்லை. இரவில் தானே ஒரு துண்டு வைத்துவிடுவா. ஆறேழு மாதத்தில் அது தானாக நின்றது.

புது நாட்டுக்குப் போன அந்தச் சகோதரர்களுக்கு மொழியும் புதிது. அந்த வயதில் பேசிய மொழி சீக்கிரமே மறந்துபோகும். அவர்கள் கொண்டுவந்த சொற்களை அந்தப் பெற்றோர் இப்போதே பதிவுசெய்து வைக்கட்டும். அண்ணன் தம்பியைப் பிரிக்காமல் எடுத்தார்களே, அதற்கே கையெடுத்துக் கும்பிடுகிறேன்.