12 மைல் தாண்டினால் கழிவெண்ணெயைக் கடலில் கொட்டலாமா?

"கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிவிட்டால் கப்பல்காரர்கள் கழிவெண்ணெயைக் கொட்டலாம், சட்டமே அனுமதிக்கிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அந்த 12 மைல் கணக்கு, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இன்று உணவுக் கழிவுக்கும் கழிவறை நீருக்கும் சொல்லப்பட்டிருப்பது, எண்ணெய்க்கு அல்ல.

எண்ணெய்க்கு 1983 முதலே தனி விதி இருக்கிறது. இப்போதைய விதிப்படி, இன்ஜின் அறையில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை ஓடிக்கொண்டிருக்கும் கப்பல், வடிகட்டும் கருவி வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும், அதிலும் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது. அதாவது மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு மேசைக்கரண்டி. எண்ணெய் ஏற்றிச் செல்லும் டேங்கர் கப்பல்களின் சரக்கெண்ணெய்க் கழிவுக்கு விதி இன்னும் கடுமை: 50 கடல் மைலுக்கு அப்பால்தான், அதுவும் அளவோடு. அண்டார்டிக்காவில் ஒரு சொட்டும் கூடாது.

சரி, நடுக்கடலில் யார் பார்க்கப் போகிறார்கள்? 2013இல் கரீபியன் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பல், இங்கிலாந்துக் கரையிலிருந்து சுமார் 23 மைல் தள்ளி, வடிகட்டியைச் சுற்றிப்போகும் கள்ளக் குழாய் வழியாகக் கழிவைக் கொட்டியது. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர் சவுத்தாம்டன் துறைமுகத்தில் இறங்கி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2016இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனம் கட்ட வேண்டி வந்த அபராதம் 4 கோடி டாலர்.